கண்ணாடி ஊரில் ஒரு தார்ப்பாய்

எங்கள் ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற வியாதி உண்டு. எனக்கு அது முற்றிவிட்டது. பழத்தின் தோலை உரித்துக் கழுவிய கொட்டையைக் களத்தில் காயப்போட்டிருக்கும் மாதங்களில், கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன். கொட்டச்சேட்டில் எங்கள் சரிவில் உள்ள வீடுகளில் என் குரல் கேட்ட பிறகுதான் தார்ப்பாய் விரியும். இந்தச் சுறுசுறுப்புக்காகத்தான் என்னை காப்பி விவசாயிகளான எங்கள் சின்னக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள் என்று நம்பியிருந்தேன். வேறு யாரும் முன்வராததால் ஆக்கினார்கள் என்பது என் மனைவியின் கட்சி.

அப்படிப்பட்ட ஆள், சூரியனே எட்டிப் பார்க்க யோசிக்கும் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

என் அக்கா மகள் செல்வி, அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கீரன் என்கிறவர் காப்பிக்கொட்டையை வறுத்து விற்கிறார். பெயரைக் கேட்டதும் நம் ஆள் என்று நினைத்துவிட்டேன். செக்கச் சிவந்த தாடியுள்ள வெள்ளைக்காரர். செல்வி ஒருநாள் எங்கள் கொட்டையைக் கொஞ்சம் அவரிடம் கொடுத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், நேரில் யாராவது வந்தால் மகிழ்ச்சி என்றாராம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இன்னும் நாலு நாள் இருங்களேன் என்று நாம் சொல்வது போல அவர் சொன்னது அது. நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஆனால் விஷயம் சின்னதில்லை. எங்கள் கொட்டை வழக்கமாகச் சேலத்துக்கு இறங்கி, ஒரு குடோனில் எங்கெங்கிருந்தோ வந்த கொட்டைகளோடு கலந்து, பெயரில்லாமல் போய்விடும். கீரனோ தாம் விற்கிற ஒவ்வொரு பையிலும் அது விளைந்த ஊரின் பெயரை அச்சடிக்கிறவர். கொட்டச்சேடு என்று ஒரு பையில் எழுதியிருக்கும் என்று செல்வி சொன்னதும் எங்கள் குழுவில் யாருக்கும் தூக்கமில்லை. போகிற நீதான் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று என் தலையில் கட்டினார்கள்.

மாதிரிக்கு மூன்று பை கொண்டுபோனேன். என்னுடையது ஒன்று. மற்றவர்களுடையதைச் சேர்த்து ஒன்று. மூன்றாவது, அடுத்த தோட்டத்துப் பாப்பாத்தியுடையது. அதைத் தனியாகக் கட்டச் சொன்னதும் நான்தான். எல்லாரோடும் சேர்த்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்று பயம். காரணம், பாப்பாத்திக்குத் தார்ப்பாய் கிடையாது. இருந்த ஒன்று ஒழுகுகிற அவள் சமையல்கட்டு ஓட்டுக்கு மேல் ஏறி இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஊரே மேகத்தைப் பார்த்து ஓடும்போது அவள் மட்டும் இடுப்பில் கைவைத்து நிற்பாள். துளி விழுந்த பிறகுதான் அவளும் அவள் புருஷனும் சாக்கில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். மழை வந்து கதவைத் தட்டி வணக்கம் சொன்னால்தான் நீ எழுந்திருப்பாய் என்று நான் அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

கிளம்புகிற அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, அந்த ஊர்ல எந்நேரமும் மழைதானாமுங்களே. அப்பத் தார்ப்பாய் நொம்ப நல்லதாத்தான் இருக்கோணும். எனக்கொண்ணு வாங்கியாங்க."

இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

டப்ளினில் முதல் நாள் செல்வி என்னை அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு ட்ராமில் கூட்டிப்போனாள். அவள் முன்னால் ஏறிவிட்டாள். நான் அடுத்த கதவுக்கு எதிரே நின்று அது திறக்கட்டும் என்று காத்திருந்தேன். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து கதவு, குழாய், கக்கூஸ் விளக்கு எல்லாம் என்னைக் கண்டதும் தானாகவே வேலை செய்ததால், இதுவும் மரியாதை தெரிந்த கதவாக இருக்கும் என்று நினைத்தேன். பொத்தானை அமுக்க வேண்டுமாம். ட்ராம் கிளம்பிவிட்டது. உள்ளே செல்வி கண்ணாடியில் கைவைத்து ஏதோ கத்துகிறாள், நான் வெளியே நின்று டாட்டா காட்டுகிறேன். அடுத்த ட்ராமில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எனக்காகப் பொத்தானை அமுக்கிவிட்டாள். உள்ளே உட்கார்ந்ததும் கண்டக்டர் வருவார் என்று சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். யாரும் வரவில்லை. டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்த முதல் காப்பி விவசாயத் தலைவர் நான்தான் என்று செல்வி பிறகு சொன்னாள்.

ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு வயதானவர்கள். வெளியே சிறு தூறல். ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்கே புரிந்தது. "நல்ல மெத்தென்ற நாள், கடவுளுக்கு நன்றி." தூறலைத்தான் மெத்தென்று சொல்கிறார்கள். இந்தத் தூறலில் எங்கள் ஊரில் அஞ்சு களம் நாசமாகியிருக்கும். இவர்கள் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள்.

அந்த இடத்தை ஊர் என்று சொல்வதா, ஆபீஸ் என்று சொல்வதா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம். நகரம் முடிந்து வீடுகளும் குறைந்த பிறகு, திடீரென்று கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பி நிற்கின்றன. நடுவில் ஒரு செயற்கைக் குளம். குளத்தில் உண்மையான வாத்து. சுற்றிலும் ஓடுவதற்குச் சிவப்பாக ஒரு பாதை. சுவரில் ஏறி விளையாட ஒரு கூடம், பந்து உருட்டி விளையாட ஒரு கூடம், சினிமா, நீச்சல்குளம், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அதற்கு நடுவில்தான் வேலை பார்க்கிறார்கள். கோயில் இல்லை, பெட்டிக்கடை இல்லை, ரேஷன் கடை இல்லை, ஒரு நாய்கூடச் சும்மா படுத்திருக்கவில்லை. நாய்க்கும் கழுத்தில் பட்டை, மனிதனுக்கும் கழுத்தில் அட்டை.

செல்வி தன் ஆபீஸைச் சுற்றிக் காட்டினாள். உள்ளே மேல்மாடியிலிருந்து கீழே வருவதற்கு ஒரு சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய சாக்குமூட்டைகள் கிடந்தன. சரக்கு வந்து இறங்கியிருக்கிறது போல என்று பார்த்தால், ஒவ்வொரு மூட்டைமேலும் ஒருவர் மடியில் கம்ப்யூட்டரோடு சரிந்து கிடக்கிறார். அதுதான் நாற்காலியாம். நானும் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்குச் செல்வியும், அவள் மேலதிகாரியும், வழியில் போன ஒரு புண்ணியவானும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. என் முழங்கால் வலி வெளிநாட்டிலும் அம்பலமானது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது. சனி ஞாயிறு ஆனால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கம்ப்யூட்டர்காரர்கள் கார் காராக ஏற்காட்டுக்கு ஏறிவந்து, ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, பெருமூச்சு விட்டுப் போவார்கள். எதிலிருந்து தப்பித்து வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இவர்கள் ஏரியையும் பஜ்ஜியையும் ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இனி ஒருவனும் தப்பிக்க முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு வந்தது. மசித்த உருளைக்கிழங்கு, அதன் பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குச் சிப்ஸ். என்ன பொரியல் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, இதில் எது பொரியல், எது குழம்பு என்று நானே முடிவுசெய்துகொண்டேன். என் சட்டைப்பையில் இருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் காப்பாற்றியது. பக்கத்தில் இருந்த இளைஞன் ஆர்வமாக மோந்து பார்த்தான். கொஞ்சம் கொடுத்தேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்து, நன்றி சொல்லி, எழுந்து போய்விட்டான்.

இரண்டாம் நாள்தான் கீரன் கடையில் சோதனை. நீளமாக ஒரு மேசை, அதன்மேல் கிண்ணங்கள். எந்தக் கிண்ணத்தில் யாருடைய கொட்டை என்று எழுதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் சீட்டு. எது யாருடையது என்பது செல்விக்கு மட்டும் தெரியும். கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்ச வேண்டும், வாயில் சுழற்ற வேண்டும், பிறகு ஒரு பாத்திரத்தில் துப்ப வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் காப்பி விளைகிறது. தாத்தா எஸ்டேட் வேலைக்குச் சேலத்துப் பக்கமிருந்து மலை ஏறினவர். ஆனால் எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் போடாத காப்பியை யாரும் வாயில் வைத்ததில்லை. நல்ல கொட்டையெல்லாம் விற்பனைக்குப் போய்விடும். நாங்கள் குடிப்பது கடையில் வாங்குகிற பொட்டலம். இந்த மலையில் பாதிப் பேர் தங்கள் கொட்டை என்ன ருசி என்று தெரியாமலேயே அதைப் பேரன்வரை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் உள்பட.

முதல் கிண்ணத்தை உறிஞ்சினேன். வேப்பங்கொழுந்துக் கஷாயம். துப்பச் சொன்னார்கள், ஆனால் வளர்ப்பு விடவில்லை, அடுத்தவர் வீட்டில் கொடுத்ததைத் துப்புவதா என்று விழுங்கிவிட்டேன். பிறகு மெல்லக் கீரனிடம் சர்க்கரை கிடைக்குமா என்றேன். அவர் தாடிக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. சர்க்கரை வந்தது. நான் மட்டும் போட்டுக்கொண்டேன். செல்வி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

இரண்டாவது கிண்ணத்தில் ஏதோ ஈரச் சாக்கு வாடை. மூடிப்போட்ட குடோனைத் திறந்தால் அடிக்குமே, அது. மூன்றாவது, கசந்தாலும் நாக்கில் ஒட்டாமல் சுத்தமாக இறங்கியது, கடைசியில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மணம். எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைக் கொடுத்தேன். மூன்றாவது என்னுடையது, பாருங்கள், வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்ததன் பலன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது, பாவம், பக்கத்துத் தோட்டத்து அம்மாவுடையதாக இருக்கும், அவருக்குக் காயவைக்கிற பக்குவம் போதாது, மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். பெருந்தன்மை வேறு.

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீரன் மறுநாள் இன்னொரு முறை வறுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

மனசு நிறைந்து போய், அன்றைக்கே பக்கத்தில் இருந்த பெரிய சாமான் கடைக்குப் போய்ப் பாப்பாத்திக்குத் தார்ப்பாய் வாங்கினேன். கரும்பச்சை, ஓரமெல்லாம் பித்தளை வளையம், இரண்டு பக்கமும் மெழுகுபோல வழுவழுப்பு. கடைப்பையன் கூடாரம் போடவா என்று கேட்டான். ஓர் அம்மாவுக்கு, காப்பி கெடாமல் இருக்க என்றேன். சேலத்திலேயே இது கிடைக்கும் மாமா, இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போகணுமா என்றாள் செல்வி. வெளிநாட்டு மழைக்குச் செய்தது வேறு என்றேன். தோற்றவளுக்கு ஆறுதல் பரிசு மாதிரி அதைக் கொடுப்பதாக மனசுக்குள் ஒரு காட்சிகூட ஓடிவிட்டது.

மூன்றாம் நாள் கீரன் வரச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். உள்ளே கூட்டம். வெளியே சதுரமான கல்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் ஊரில் அப்போது சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம். அதிசயமாக வெயில் அடித்தது. கண்ணை மூடினேன்.

முகத்தில் நிழல் விழுந்து விழித்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. எதிரே கல்தளம் முழுக்கப் பழுப்பாகப் பரப்பிக் கிடக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. ஓரத்தில் யாரோ சுருட்டி வைத்த பச்சைத் தார்ப்பாய்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைகால் பொறுப்பு. ஒரு கத்துக் கத்திவிட்டு ஓடினேன். பரப்பியதைக் காலாலேயே நடுவில் ஒதுக்கினேன். தார்ப்பாயை உதறி இழுத்து மூடினேன். ஓரத்துக்குக் கல் வேண்டுமே, சுற்றுமுற்றும் பார்த்து, அலங்காரத்துக்கு வைத்திருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து நாலு மூலையிலும் வைத்தேன். மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். எதிர்க் கண்ணாடிக்குப் பின்னால் உடற்பயிற்சிக் கூடம். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக, இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

உயரமான ஒரு காவலர் நிதானமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். மிக மரியாதையாக, ஐயா, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மழை, காப்பி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் குனிந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயா, இது மரப்பட்டைத் தூள். செடிக்குப் போட வைத்திருக்கிறார்கள். இது நனையத்தான் வேண்டும்."

அசடு வழிந்தது என்றால் சாதாரணமாக இல்லை. இதற்குள் கீரன் கடையிலிருந்து செல்வியோடு ஓடிவந்தார். காவலரிடம் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். மூவரும் பூந்தொட்டிகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். வைத்து முடித்தபோது மேகம் எங்கள் தலைக்கு மேலே போய், ஒரு துளிகூட விடாமல், கிழக்கே கடந்துவிட்டது.

கீரன் வானத்தைப் பார்த்தார், மூடிக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். ஊரிலும் இப்படித்தானா? ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. மேகம் வந்த உடனேயா? உடனே. மழை பெய்யுமா? சில நாள் பெய்யும். பெய்யாவிட்டால் எப்போது திறப்பீர்கள்? இங்கே எனக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது. மூடின பிறகு பயமில்லையே, சாப்பிட்டுவிட்டுச் சித்த நேரம் தூங்கி எழுந்து, சாயங்காலமாகத் திறப்பேன். சில நாள் மறுநாள் காலையில்.

அவர் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே கையை விடச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே உள்ளே வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. மூக்கை வைத்தேன். ஈரச் சாக்கு வாடை.

"இரண்டாவது கிண்ணம் உங்களுடையது" என்றார் கீரன்.

அவரிடம் சொல்லிவிட்ட செல்வி என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது கிண்ணம் யாருடையது என்று நான் கேட்கவுமில்லை. மூக்கு உடைபட்ட பிறகு அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதில் என்ன இருக்கிறது. நேற்று நான் மன்னிப்புக் கேட்டது எனக்காகத்தான், அவ்வளவுதான்.

முடிவை அங்கே நின்றபடியே சொன்னார். கொட்டச்சேடு என்று பையில் போடத் தயார். ஆனால் எல்லார் கொட்டையும் மூன்றாவது கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும். அந்த அம்மா என்ன செய்கிறாரோ அதையே எல்லாரும் செய்யட்டும், கடைசிப் பறிப்பிலிருந்து இன்னொரு மாதிரி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் அப்படி என்ன செய்கிறார் என்றும் கேட்டார்.

என்ன சொல்வது? அவர் ஒன்றுமே செய்வதில்லை ஐயா, அவரிடம் தார்ப்பாய் இல்லை. சாக்கில் அள்ளித் தூக்குவது இடுப்பு ஒடிகிற வேலை, அதனால் நிஜ மழை வந்தால் மட்டும் அள்ளுவார், நின்றதும் மறுபடி பரப்புவார். மீதி நேரமெல்லாம் கொட்டை காற்று வாங்கிக்கொண்டு கிடக்கும். இதைச் சொல்லும்போதே எனக்கு உறைத்தது. செல்வியின் அறையில், கட்டிலுக்கு அடியில், பித்தளை வளையம் போட்ட தார்ப்பாய் பாப்பாத்திக்காகக் காத்திருக்கிறது.

அன்று முழுக்க அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சிவப்புப் பாதையில் ஓடுகிறவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தார்ப்பாயைக் கொடுத்தால் பாப்பாத்தியும் என்னைப்போல மூடிவிட்டுத் தூங்கப் போவாள். நல்லதாக இருக்கும் ஒரு கொட்டையும் போய்விடும், பையில் பெயரும் போய்விடும். கொடுக்காவிட்டால்? கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? குழுவின் நன்மை என்று ஒரு பெரிய வார்த்தைகூடக் கிடைத்துவிட்டது. தலைவனாக இருப்பதில் இது ஒரு வசதி.

கிளம்புகிற அன்று பெட்டி கனமாக இருக்கிறது, தார்ப்பாயை நீயே வைத்துக்கொள் என்று செல்வியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் என் மனசை எக்ஸ்ரே எடுத்தவள் போலப் பார்த்தாள்.

"அவங்க ஊடு ஒழுவுறது நம்ம காப்பிக்கு நல்லதுன்னு நெனைக்கறீங்களா மாமா?"

தார்ப்பாய் பெட்டிக்குள் போனது. அதற்கு இடம் செய்ய என் கம்பளிச் சட்டை வெளியே வந்தது. விமானம் முழுக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. குப்பனூர் வழியாக மலை ஏறின பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நானும் டிரைவரைப் பார்த்து, நன்றிங்க என்றேன். அவர் பயந்துபோய், ஏனுங்க, ஸ்டாப் தாண்டி நிறுத்திட்டனுங்களா என்றார்.

மறுநாள் காலை குழு முழுக்க என் களத்தில் கூடியது. கடைசிப் பறிப்பு முந்தின நாள்தான் களத்துக்கு வந்து காய்ந்துகொண்டிருந்தது. நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் என் உத்தரவு தவறாமல், மேகம் வந்தபோதெல்லாம் அதற்கு முந்தின பறிப்பை என் மனைவி மூடியிருக்கிறாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கிண்ணம், சர்க்கரை, பூந்தொட்டி, இருந்த இடத்திலேயே ஓடினவர்கள் எல்லாம். சிரித்துச் சிரித்து ஒருவர் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது கிண்ணம் யாருடையது என்று சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அதற்குச் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பாப்பாத்தியிடம், உன்னுடையதுதான் உசத்தி அம்மணி, நான் வாய்கூசாமல் உன்னைக் குறை சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் கண் என் பெட்டிமேல் இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், வளையத்தைத் தட்டிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். காப்பிக்குப் போடாதே என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாரமங்கலத்துப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. தை மாதத்தில் என்ன மழை என்று கேட்காதீர்கள், எங்கள் மலைக்கு மாதம் தெரியாது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக என் குரலுக்குப் பழகின கூட்டம். நான் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வேர்த்தது. மேகம் நேர் மேலே வந்து நின்றது. என் வழுக்கையில் ஒரு துளி விழுந்தது. நான் அசையவில்லை. இன்னொன்று விழுந்தது.

பாப்பாத்திதான் சொன்னாள்.

"ஏனுங்ண்ணா, இது நெசமாலுமே மழைங்க. எந்திரிங்க."

என் பழைய தார்ப்பாய் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுக்க நேரமில்லை. அவள் கையிலிருந்த புதுத் தார்ப்பாயை உதறினாள், ஆளுக்கொரு மூலையாக இழுத்தோம், என் கொட்டைமேல் விழுந்தது. சடசடவென்று பெய்தது. இறவாரத்தில் ஒண்டி நின்றோம். ஓர் ஆள் பீடி குடித்து முடிக்கிற நேரம், நின்றுவிட்டது. நின்ற மறுநிமிஷமே அவள் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். மறுபடி வந்தாலும் வரும், கொஞ்சம் இருக்கட்டுமே என்றேன், பழக்க தோஷம்.

"வந்தா நீங்க உங்களுதைப் போட்டுக்குங்க. எனக்கு ஊட்டு மேல போடோணும், நேரமாச்சு" என்று அதை உதறிச் சுருட்டி, தலைமேல் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள். கூரைமேல் கிடந்த பழையது கீழே வருமா, காப்பிமேல் விழுமா என்று பயந்துகொண்டிருந்தேன். அது சல்லடையாகிவிட்டது, ஆட்டுக்கொட்டகைக்குப் போனது.

அன்றுமுதல் என் களத்திலும் மற்றவர் களங்களிலும், மழை பெய்கிற நேரம் மட்டும்தான் தார்ப்பாய். ஒவ்வொரு மேகத்துக்கும் நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவிக்கு இது நல்ல வேடிக்கை. அந்தக் கடைசிப் பறிப்பிலிருந்துதான் கீரனுக்கு மாதிரி அனுப்பினேன். என் களத்துக் கொட்டை மட்டும், வேறு எதுவும் கலக்காமல், கெட்டிருந்தது அதுதானே. இரண்டு வாரம் கழித்துப் போனில் செய்தி வந்தது. சுத்தமாக இருக்கிறது, ஆரஞ்சு மணம்கூட வருகிறது, பைக்குப் பெயர் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. இது அந்த மூன்றாவது கிண்ணத்து அம்மாவுடையதுதானே?

இல்லை, என்னுடையது என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது, கீழே பாப்பாத்தியின் சமையல்கட்டுக்கு மேலே கரும்பச்சையாக அது பளபளத்துக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று அனுப்பிவிட்டேன்.